உள்ளேன் ஐயா: 1976 பதினோராம் வகுப்பு நண்பர்களின் வாழ்க்கைச் செய்திப் பகிர்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் 1976-ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு எழுதிப் பிரிந்தவர்கள், ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் செய்தியை ஒருவர் அறிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறோம். வாரத்துக்கு ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதி அனுப்புகிறார் அல்லது தொலைபேசியில் சொல்கிறார். நான் அதைக் குறிப்பேட்டில் பதிந்து மற்றவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன். எல்லாக் குறிப்புகளும் சேர்ந்ததும் ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு, நாம் கூடும் நாளில் ஆளுக்கொரு படி கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் பதினோராம் வகுப்புவரை படிக்கவில்லை, இடையிலேயே நின்றுவிட்டேன். நானும் சேரலாமா?

கட்டாயம் சேர வேண்டும். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எல்லோருமே தயங்கித் தயங்கித்தான் கேட்டார்கள் என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பு பதினோரு ஆண்டுகள் என்பதும், அதன் பிறகு கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு என்பதும், தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல்தான் வந்து முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது என்பதும் நமக்கெல்லாம் தெரிந்தவை. அந்தப் பதினோரு ஆண்டுகளின் வழியில் உதிர்ந்தவர்கள் ஏராளம். உப்பளத்துக்குப் போனவர்கள், நடவு வேலைக்குப் போனவர்கள், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்கள் ஆகியோரையெல்லாம் கழித்துவிட்டுத் தேர்வு எழுதியவர்களை மட்டும் வகுப்பு என்று சொன்னால், ஆறாம் வகுப்பில் நம்மோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இல்லாமல் போவார்கள்.

தேர்வு எழுதித் தேறாதவர்களுக்கும் இதே பதில்தான். முடிவு வெளியான நாளிதழில் தம் எண்ணைத் தேடித் தேடிப் பார்த்து, காணாமல், அன்றிலிருந்து வகுப்பு நண்பர்கள் யாரையும் பார்க்காமல் ஒதுங்கிப்போன ஒருவர், சென்ற ஆண்டு என்னிடம் பேசும்போது முதலில் சொன்ன செய்தி, தாம் மறு தேர்வில் தேறிவிட்டோம் என்பதுதான். நாற்பத்தொன்பது ஆண்டுகளாக அதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

பழைய நண்பர்களை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

வருகைப் பதிவேடுகள் சில ஆண்டுகளில் கழிக்கப்பட்டுவிடும். ஆனால் சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, அவர் முன்னிலையில் பெயர்களையும் தந்தை பெயர்களையும் ஊர்களையும் மட்டும் குறித்துக்கொண்டோம். அதில் உள்ள சாதிப் பகுதியை நாங்கள் குறிக்கவில்லை, குறிக்கவும் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

அதன் பிறகுதான் அலைச்சல். பதிவேட்டில் எல்லா முகவரியும் தஞ்சாவூர் மாவட்டம் என்றே முடிகிறது. 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் தனி மாவட்டங்களாயின. 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தது. ஆகவே பழைய முகவரியை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள், இன்று அந்த ஊர் எந்த மாவட்டத்தில், எந்த வட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குப் போனால் அஞ்சல்காரர், பழைய டீக்கடை, நியாயவிலைக் கடை ஆகிய மூன்று இடங்களில் விசாரித்தாலே பெரும்பாலும் துப்புக் கிடைத்துவிடுகிறது. கைப்பேசியில் தேடிக் கிடைத்தவர்களைவிட, டீக்கடைப் பெஞ்சில் கேட்டுக் கிடைத்தவர்களே அதிகம்.

பெண்களைத் தேடுவது கடினமானது. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது, சிலருக்குப் பெயரே மாறிவிட்டது. அவர்களைப் பிறந்த வீட்டின் வழியாக, அண்ணன் தம்பிகள் வழியாகத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. முதல் அழைப்பை நம் வகுப்புப் பெண்களில் ஒருவரே செய்வது என்று வைத்திருக்கிறோம். அவர் விரும்பினால் மட்டுமே எண் மற்றவர்களுக்குத் தரப்படும்.

வாழ்க்கைச் செய்தி என்றால் என்ன எழுத வேண்டும்? பெரிதாகச் சாதித்தது ஒன்றும் இல்லையே.

வேலைக்கு அனுப்பும் சுயவிவரத்தைப் போல எழுதாதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். தொடக்கத்தில் வந்த குறிப்புகள் எல்லாம் பதவி, பதவி உயர்வு, மகன் அமெரிக்காவில், மகள் ஆஸ்திரேலியாவில் என்ற ஒரே அச்சில் வந்தன. அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் நான்கைந்து குறிப்புகள் அப்படி வந்ததும் மற்றவர்கள் வாய் மூடிக்கொண்டார்கள். பிறகு, உப்பளத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொல்ல நான் எழுதிக்கொண்ட குறிப்பு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அவருடைய இசைவோடு அதை இங்கே தருகிறேன்:

“ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பாவுக்கு உப்பளத்தில் கால் புண்ணாகி வீட்டோடு இருந்த வருடம் அது. நாற்பத்தொரு வருடம் பாத்தியில் வேலை செய்தேன். கஜா புயலில் வீட்டுக் கூரை போயிற்று. வாசலில் நின்ற பதினொரு தென்னையில் இரண்டு மிஞ்சின. பேத்தி நாம் படித்த அதே பள்ளியில் படிக்கிறாள். அவள் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் போகிறாள், நாம் நடந்தோம். வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள், இடது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். யார் வந்தாலும் டீ உண்டு.”

அந்த வாரம் எனக்கு ஒன்பது அழைப்புகள் வந்தன. அதுவரை பேசாமல் இருந்தவர்கள் அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் யார் யார், உடம்பு எப்படி இருக்கிறது, பொழுது எப்படிப் போகிறது, எப்போது வந்தால் பார்க்கலாம் என்பவற்றுக்குப் பதில் இருந்தாலே நல்ல குறிப்பாகிவிடும். கடந்த காலத்தில் ஏதேனும் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லுங்கள். குவைத்தில் வேலை பார்த்துவந்த ஒருவர் 1990 ஆகஸ்டில் ஈராக் படை நுழைந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜோர்டான் வழியாகப் பம்பாய் வந்து இறங்கிய கதையை மட்டும் நான்கு பக்கங்களுக்குச் சொன்னார். மீதி முப்பத்தைந்து ஆண்டுகளை நான்கு வரியில் முடித்துவிட்டார். ஆனால் அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாமல் போகவில்லை.

எல்லோரும் ஓய்வைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு ஓய்வே இல்லையே, நான் என்ன சொல்வது?

எங்கள் பகிர்வில் மிகவும் கவலையோடு பேசப்பட்ட கேள்வி இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் வகுப்பில் மாநில அரசுப் பணிக்குப் போனவர்கள் ஐம்பத்தெட்டு வயதில், அதாவது 2017, 2018-இல் ஓய்வு பெற்றார்கள். வங்கியிலும் ரயில்வேயிலும் இருந்தவர்கள் அறுபதில், 2019, 2020-இல் வெளியே வந்தார்கள். இவர்கள் எல்லோரும் பழைய ஓய்வூதியத் திட்டங்களில் இருப்பவர்கள். ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஆலைகளில் இருந்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி வழியான 1995-ஆம் ஆண்டுத் திட்ட ஓய்வூதியம். அதில் குறைந்தபட்சத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள், நம் நண்பர்கள் இருவர் இன்றும் ஏறத்தாழ அந்தத் தொகையைத்தான் வாங்குகிறார்கள். நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் மத்திய அரசின் உதவித்தொகை. ஆதரவற்றோருக்கான மாநில முதியோர் உதவித்தொகை 2023-இல் ஆயிரத்து இருநூறாக உயர்ந்தது. அதை வாங்குகிறவரும் நம்மில் உண்டு. கூலி வேலைக்கு இன்றும் போகிறவர்களும் உண்டு.

ஆக, ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே கரும்பலகையைப் பார்த்துப் படித்தவர்களில் சிலருக்குத்தான் ஓய்வு என்ற ஒன்று கிடைத்திருக்கிறது. அறுபத்தைந்து வயதில் அதிகாலையில் களை எடுக்கப் போகிற பெண்ணிடம், “பணி ஓய்வுக்குப் பிறகு என்ன பொழுதுபோக்கு?” என்று கேட்பது அவர் மனத்தைப் புண்படுத்தும். ஆகவே நம் பகிர்வில் ‘ஓய்வுக்குப் பின் என் வாழ்க்கை’ என்ற தலைப்பையே எடுத்துவிட்டு, ‘இப்போது நான்’ என்று வைத்துவிட்டோம். உழைத்துக்கொண்டிருப்பவர்கள் தம் உழைப்பைப் பற்றியே எழுதுங்கள். இந்த ஆண்டு மழை எப்போது வந்தது, கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதா, முல்லைப்பூ என்ன விலை போகிறது என்பதெல்லாம் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் உட்கார்ந்திருக்கும் நம் நண்பர்கள் ஆவலோடு காத்திருந்து கேட்கும் செய்திகள்.

அப்படியானால் ஓய்வூதியம் பற்றிப் பேசவே கூடாதா?

பயனுள்ளதைப் பேசுங்கள், தொகையைப் பேச வேண்டாம். ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று கொடுப்பதில் பலர் திண்டாடுகிறார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு அவரவர் ஓய்வு பெற்ற மாதம். வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் இருப்பவர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், அது ஓராண்டு செல்லும். நடக்க முடியாதவர்களுக்காக அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை பதிந்துகொண்டு போகும் வசதி எழுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதை ஒருவர் சொன்னதால், பக்கவாதத்தால் படுத்திருந்த நண்பர் ஆட்டோவில் கருவூலத்துக்குத் தூக்கிச் செல்லப்படாமல் தப்பினார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது?

ஆண்கள் தமக்குள் ‘டேய்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைத் தடுக்க யாராலும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் ஒருவர் ‘நீங்கள்’ என்று பேசினால் நீங்களும் அப்படியே பேசுங்கள். பெண்களைப் பள்ளியில் நாம் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் உட்கார்ந்து, ஆறு ஆண்டுகளில் ஆறு சொற்கள்கூடப் பேசாமல் பிரிந்தோம். இன்று பெயரோடு ‘அவர்கள்’ சேர்த்தோ, ‘அம்மா’ என்றோ, அவர்களே சொல்கிறபடியோ அழையுங்கள்.

பட்டப்பெயர்களைப் பொறுத்தவரை, அதற்கு உரியவர் தாமாகச் சொல்லிச் சிரித்தாலன்றி யாரும் பயன்படுத்தக் கூடாது. உடலையும் நிறத்தையும் தந்தையின் தொழிலையும் குறித்து வைத்த பெயர்கள் அன்று விளையாட்டாகத் தோன்றியிருக்கலாம். அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவருக்கு அது அன்றும் விளையாட்டாக இருக்கவில்லை என்பதை இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

பள்ளி நாட்களில் மனம் நொந்த நிகழ்ச்சிகளை எழுதலாமா? பழையதைக் கிளறுவது நல்லதா?

எழுதலாம். நம் பகிர்வில் மிகவும் மதிப்புள்ளதாக நான் கருதுவது அப்படி வந்த ஒரு குறிப்பைத்தான். உதவித்தொகைப் படிவம் வந்த நாட்களில், வாங்குகிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லப்படும். விடுதியிலிருந்து வந்த மாணவர்கள் எழுந்து நிற்பார்கள், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வருவாய்த் துறையில் உயர்ந்த பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர், அந்த நிற்றலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. முதுகில் பட்ட பார்வைகள் இன்னும் நினைவிருக்கின்றன என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்று திரும்பிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அவரைத் தேடிப் போய் நேரில் சொன்னேன். இன்னும் இருவர் கடிதம் எழுதினார்கள். இதைக் கிளறுவது என்று நான் நினைக்கவில்லை. வகுப்பு நினைவுகள் என்றால் மாங்காய் திருடியதும் கிணற்றில் குதித்ததும் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால், யாருக்கு அந்த நாட்கள் இனிமையாக இருந்தனவோ அவர்களுடைய வகுப்பாக மட்டுமே இது மிஞ்சும். இப்படிப்பட்ட குறிப்பு வந்தால் “அதெல்லாம் அந்தக் காலம், விடுங்கள்” என்று யாரும் பதில் எழுத வேண்டாம். படித்தேன் என்று ஒரு சொல் போதும்.

ஒரே நிகழ்ச்சியை ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் எதை ஏற்பது?

இரண்டையும் பதிவு செய்கிறோம். தேதி தெரிந்தால் அதையும் குறிக்கிறோம். புயலில் பள்ளிக் கூரை பறந்ததையும், நாம் எல்லோரும் வகுப்பறையில் ஒதுங்கியிருந்ததையும் ஒருவர் மிக நுணுக்கமாக விவரித்தார். நாகப்பட்டினத்தைத் தாக்கிய அந்தப் புயல் வந்தது 1977 நவம்பர் 12-ஆம் தேதி. நாம் பள்ளியை விட்டு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. விசாரித்தபோது, அன்றிரவு அவர் தம்பியைத் தேடிப் பள்ளிக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார் என்று தெரிந்தது. தம்பியின் வகுப்பறையில் இருந்த இரவு, அவர் நினைவில் தம் வகுப்பறையாக மாறிவிட்டிருக்கிறது. நம் எல்லோரையும் அவர் ஏன் அங்கே உட்காரவைத்தார் என்று எனக்குப் புரிகிறது.

பிறந்தநாள் வாழ்த்து எந்தத் தேதியில் சொல்வது?

இது மிகவும் சரியான கேள்வி. 1965 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறந்த தேதி தெரியாத பெற்றோர் பிள்ளையைக் கூட்டிவந்தபோது, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் 1960 மே மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொண்டார். அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, பணிப் பதிவேட்டில் ஏறி, ஓய்வு நாளையும் தீர்மானித்தது. அதனால்தான் நம்மில் இத்தனை பேர் 2018 மே 31 அன்று ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். வங்கியில் இருந்த நண்பருக்கு அதே தேதி 2020-இல் வந்தது. ஊரடங்கு நாட்கள் என்பதால் மாலையும் இல்லை, தேநீரும் இல்லை, சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தார். அவருக்கு நாம் கூடும் நாளில் ஒரு மாலை போடுவதாக இருக்கிறோம்.

வாழ்த்தைப் பொறுத்தவரை, உண்மையான பிறந்தநாள் தெரிந்தவர்கள் அதை என்னிடம் சொல்லுங்கள். தெரியாதவர்கள் தமிழ் மாதமும் நட்சத்திரமும் சொன்னால் போதும். “பெரிய மழை பெய்த ஐப்பசி” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஐப்பசியில் முதல் மழை பெய்யும் நாளில் அவரை அழைக்கிறோம்.

பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கலாமா?

அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். திருமணம் செய்துகொள்ளாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள், வளர்ந்த மகனைப் பறிகொடுத்தவர்கள், மகளோடு பல ஆண்டுகளாகப் பேச்சு இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். “பையன் என்ன பண்றான்?” என்பது நம் ஊரில் மிக இயல்பான கேள்வி, ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே இருவர் பல மாதங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

உடல்நிலை பற்றிய செய்திகளை எவ்வளவு தூரம் பகிர்வது?

நோயாளியின் இசைவு இல்லாமல் ஒரு சொல்லும் பகிரக் கூடாது. அவர் இசைந்தால், என்ன நோய் என்பதைவிட என்ன உதவி வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: ரத்தம் வேண்டுமா, துணைக்கு ஆள் வேண்டுமா, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் யாரைப் பார்ப்பது என்று வழி சொல்ல வேண்டுமா. வைத்தியக் குறிப்புகளை அனுப்பாதீர்கள். சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவருக்கு, அதைக் குணப்படுத்தும் மூலிகை என்று ஏழு பேர் ஏழு செய்திகளை அனுப்பினார்கள். அதில் ஒன்றை அவர் உட்கொண்டு மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க நடக்க முடியாதவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் மாத்திரை வீட்டுக்கே வரும்.

காது கேட்பது குறைந்தவர்கள் நம்மில் நிறைய. அழைப்பை எடுத்தும் பேசாமல் வைத்துவிடுகிறார் என்று வருத்தப்படுவதற்கு முன்னால், அவருக்குக் கேட்டதா என்று வீட்டில் உள்ளவர்களிடம் விசாரியுங்கள். மறதி நோய் தொடங்கியிருப்பவர்களிடம் “என்னைத் தெரிகிறதா, யார் சொல்லு” என்று சோதனை வைக்காதீர்கள். உங்கள் பெயரையும் ஊரையும் முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள். பள்ளிப் பாட்டு ஏதேனும் ஒன்றைத் தொடங்கினால் மீதியை அவரே பாடிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் மறைந்துவிட்டால்?

குடும்பத்தார் சொன்ன பிறகு ஒரே ஒருவர் எல்லோருக்கும் தெரிவிப்பார்: பெயர், ஊர், எடுக்கும் நேரம். உடலின் படத்தை அனுப்பக் கூடாது. போக முடிந்தவர்கள் போவார்கள். முடியாதவர்கள் பதினாறாம் நாளுக்குள் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அதில் இறந்தவரைப் பற்றிப் பள்ளி நாள் நினைவு ஒன்றாவது இருக்க வேண்டும். தந்தையின் பதினான்கு வயதைப் பற்றி எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. நம்மால்தான் அதைக் கொடுக்க முடியும்.

பிறகு செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மாற்றம் ஆகியவற்றில் இறந்தவரின் மனைவிக்குத் துணையாக ஒருவர் போய்வர வேண்டும். வருவாய்த் துறையிலும் கருவூலத்திலும் இருந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இதுவரை நான்கு குடும்பங்களுக்கு அவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்.

பண உதவி கேட்கலாமா? கேட்டால் கொடுக்கலாமா?

எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். என்னிடமோ, கணக்கு வைத்திருக்கும் நண்பரிடமோ தனியாகச் சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் வெளியே வராது. கூடும் நாளின் செலவுக்கும் இதே முறைதான்: இயன்றவர் இயன்றதை உறையில் போட்டுத் தருவார், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது.

ஓர் எச்சரிக்கை. நண்பர் ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு, “மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே இருபதாயிரம் அனுப்பு” என்று யாரோ எழுதியதை நம்பி நம்மில் இருவர் பணம் அனுப்பி இழந்தார்கள். அப்படிச் செய்தி வந்தால் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேளுங்கள், பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

அரசியல், மதம், பிறர் அனுப்பியதை அப்படியே அனுப்புவது?

வேண்டாம். நம் வாழ்க்கைச் செய்திக்கு மட்டுமே இந்த இடம்.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் எப்படிக் கலந்துகொள்வது?

எழுதி அனுப்புங்கள் அல்லது குரலில் பதிந்து அனுப்புங்கள். அமெரிக்காவில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கும் நம் வகுப்புத் தோழி ஒருவர், பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பதாகவும், தமிழில் பேச ஆள் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே என்றும் சொன்னார். நம் ஊரின் காலை ஏழு மணி அவருக்கு முந்தைய நாளின் இரவு. தினமும் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் அவரை அழைத்துப் பேசுவது என்று முறை வைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கும் தெரிவிக்கிறீர்களா?

நமக்குப் பாடம் எடுத்தவர்களில் இன்று இருப்பவர்கள் மூவர். எல்லோரும் எண்பதைக் கடந்தவர்கள். நம் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மாதம் ஒரு முறை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தமிழாசிரியர் அவற்றில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறார். அந்தத் தாள்களை எழுதியவர்களிடமே சேர்த்துவிடுகிறேன்; அறுபத்தைந்து வயதில் அந்தச் சிவப்பு மையைப் பார்த்துக் கண் கலங்காதவர் யாரும் இல்லை.

எனக்கு எழுத விருப்பம் இல்லை. பெயரை எடுத்துவிட முடியுமா?

எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறர் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம், அதுவும் வேண்டாமென்றால் சொல்லிவிடலாம். காரணம் கேட்க மாட்டோம்.

புத்தகத்தில் யார் பெயர் முதலில் வரும்?

பதவியோ வயதோ நன்கொடையோ பார்க்கப்படாது. வகுப்பில் பெயர் கூப்பிட்ட வரிசை எனக்கும் இன்னும் சிலருக்கும் மனப்பாடமாக இருக்கிறது, அதே வரிசைதான். அன்று ஆண்களுக்குப் பின்னால் பெண்களை அழைத்தார்கள். புத்தகத்தில் பெண்களை முன்னால் வைத்திருக்கிறோம், அது ஒன்றுதான் மாற்றம். மறைந்தவர்களுக்கும் தனிப் பக்கம் உண்டு. அவர்களைப் பற்றி அருகில் உட்கார்ந்திருந்தவர் எழுதியிருக்கிறார்.

கிடைக்காதவர்களுக்கு வெற்றுப் பக்கம் விட்டிருக்கிறோம். இன்றைய நிலையில் அப்படி மூன்று பக்கங்கள் இருக்கின்றன. ஒருவர், அகஸ்தியம்பள்ளி ரயிலில் தினமும் வந்துகொண்டிருந்தவர்; மீட்டர் கேஜ் வண்டி நின்றுபோய், அதே பாதையில் 2023-இல் அகல ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இருமுறை அந்த வழியில் போய் விசாரித்தும் குடும்பம் எங்கே பெயர்ந்தது என்று தெரியவில்லை. இன்னொருவர், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வராமல் போன பெண். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக இருந்தவர், தந்தை கோடியக்காட்டுப் பக்கம் புகையிலைத் தோட்டத்தில் காவலுக்கு இருந்தார். மூன்றாமவர், தேர்வு முடிந்த மறு வாரம் வேலை தேடிப் பம்பாய்க்கு ரயில் ஏறியவர், போனதும் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். இவர்களைப் பற்றி ஏதேனும் தெரிந்தவர்கள், அது எவ்வளவு சிறிய செய்தியானாலும், புத்தகம் அச்சுக்குப் போகும் முன் எனக்குச் சொல்லுங்கள்.